கறுப்பு நாய்க்குச் சாட்சி

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. செஞ்சி மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்த பதினோரு வருஷத்தில் அவர் கொண்டுவந்த ஆடுகளுக்கு எத்தனையோ தடவை மருந்து ஊற்றியிருக்கிறேன். பதிவேட்டில் எழுதுவதற்குப் பெயர் கேட்டால், "ஒடம்பு சரியில்லாதது ஆட்டுக்கு. என் பேர எழுதி இன்னா பண்ணப் போற? ஆட்டப் பத்தி எழுது" என்பார். அதனால் 'தொண்டூர், வெள்ளாடு, கழிச்சல்' என்று மட்டும் எழுதிவைப்பேன். எல்லோருக்கும் அவர் கிடைக்காரம்மா. அறுவடை முடிந்த நிலத்தில் உரத்துக்காக ஆடுகளை மடக்கிப் போடுவதற்குக் கிடை என்று பெயர். ஏழு வீட்டு ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து, அவரும் அவருடைய கொழுந்தனாரும் தொண்டூர்ப் பக்கம் கிடை போட்டுவந்தார்கள்.

நெட்டையான உருவம். தழை பறிக்கிற தொரட்டிக் கோலை ஆஸ்பத்திரி வாசலில் சாய்த்துவிட்டு, ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"மேலச்சேரியில வெறிநாய் நாலு மாட்டக் கடிச்சிட்டுதாம்."

"நீ பாத்தியா?" என்பார் கிடைக்காரம்மா.

"நான் எங்க பாத்தேன், சொன்னாங்க."

"சொன்னவன் பாத்தானா?"

"அது எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்ப வாய மூடிக்கினு நில்லு. நாலு மாடுன்ற, நாயின்ற, வெறின்ற. ஊரு காதுல விழுந்தா மாட்டுக்காரன்கிட்ட பால ஒருத்தன் வாங்குவானா?"

இதுதான் அவர். கலெக்டரே வந்தாலும் 'நீ'தான். கேள்வியும் ஒன்றேதான். எனக்கு முதலில் எரிச்சலாக வரும். ஒரு தடவை புது மருந்து ஒன்றைக் கலக்கிக் கொடுத்து, "மூணு நாள்ல நின்னுடும்மா" என்றேன். "நின்னத நீ பாத்தியா?" என்றார். சொல்லப்போனால் நான் பார்க்கவில்லை. அந்த மருந்து முந்தின வாரம்தான் வந்தது. "பாக்கலம்மா, டப்பாவுல எழுதியிருக்குது" என்று ஒப்புக்கொண்டேன். "அத மொதல்ல சொல்லு" என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கி, "நின்னுடுச்சு. நான் பாத்தேன். இனிமே தைரியமா சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். அதைச் சொல்வதற்காக மட்டும் ஒருத்தி பஸ் ஏறி வருவாளா? அவர் வந்தார்.

தொண்டூரிலிருந்து செஞ்சிக்குப் படிக்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரோடு நின்று சிரித்துச் சிரித்துப் பேசினாளாம். தகப்பன் மறுநாளே படிப்பை நிறுத்திவிட்டான். கிடைக்காரம்மாவுக்கு அந்தப் பெண் உறவும் இல்லை, ஒட்டும் இல்லை. தகப்பனிடம் போய், "நீ பாத்தியா?" என்றார். வல்லத்தில் ஒருவர் சொன்னார் என்றான். வல்லத்துக்காரரைப் பிடித்தார். அவருக்குச் சொன்னவள் பூக்காரி. பூக்காரிக்குச் சொன்னவர் பஸ் ஸ்டாண்ட் சோடாக்கடைக்காரர். கடைசியில் அந்தச் சோடாக்கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "மீதி சில்லற கேட்டுக்கினு நின்னுச்சும்மா. அதத்தான் பாத்தேன்." கிடைக்காரம்மா அவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்த் தகப்பன் முன்னால் நிறுத்தி, அதையே சொல்லவைத்தார். அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கூடம் வந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'பார்த்தேன்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். தனக்கு நஷ்டமாக இருந்தாலும் சரி. பார்க்காததைப் பேசுகிறவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பார்த்ததாகவே ஒரு மனுஷன் பொய் சொல்லுவான், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று இன்னொருவன் சொல்லுவான் என்பதெல்லாம் அவர் புத்திக்கு எட்டாத விஷயம். எட்ட வைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் மெட்ராஸ்காரன்.

மெட்ராஸில் ராஜபாளையம் நாய் வளர்க்கிற பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நாய்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், காடு மேடெல்லாம் கூட்டமாக நடப்பார்களாம். அந்த மாசி மாதம் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, தொண்டூர் ஏரிக்கரையிலிருந்து சமண முனிவர்களின் கல்படுக்கை இருக்கிற குன்றுவரை நடப்பதாகத் திட்டம். நாய்க்கு முள் குத்தினால் பார்ப்பதற்கு மருந்துப் பெட்டியோடு ஓர் ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தது. டாக்டர் லீவில் இருந்தார். நான் போனேன்.

பதினெட்டு நாய்கள். அத்தனையும் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை, ரோஜா நிறத்தில் மூக்கு. சங்கத்துக் காரியதரிசி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க மிஸ்டர் கம்பவுண்டர்" என்றார். நாய்த் தலை அச்சடித்த பச்சை ரிப்பன் ஒன்றை என் சட்டையில் தானே குத்திவிட்டார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அதுவரை என்னை ஒருவரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. குளிர்ந்துபோனேன். வெட்கக்கேடு! ஆனால் உண்மை அதுதான்.

நடையிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். போட்டியில் கோப்பை வாங்கிய நாய் முன்னால், வாங்காதது பின்னால். காரியதரிசியின் நாய்தான் முதல். புறப்படுமுன் ஏரிக்கரையில் நின்று, அதன் வம்சாவளியைக் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அப்பன், பாட்டன், முப்பாட்டன். பக்கத்து நிலத்தில்தான் கிடை. கிடைக்காரம்மா தொரட்டியை ஊன்றிக்கொண்டு, தன் கறுப்பு நாயோடு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு தலைமுறைக்குக் கலப்பே கிடையாது. சுத்தமான ரத்தம்" என்று முடித்தார் காரியதரிசி.

"நீ பாத்தியா?"

"என்னத்தம்மா?"

"இதோட பாட்டி யாரு கூடப் போச்சின்னு."

கரையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சங்கத்து அம்மாள்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காரியதரிசிக்குக் காது சிவந்துபோயிற்று. "சர்ட்டிபிகேட் இருக்கும்மா" என்றார்.

"எழுதினவன் பாத்தானா?"

"இந்தப் பொம்பளையை யாராவது அந்தப் பக்கம் போகச் சொல்லுங்கப்பா" என்றார் அவர். கிடைக்காரம்மா தானே போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. கேட்டார், பதில் வரவில்லை, போய்விட்டார். காரியதரிசி அதை மறக்கவில்லை என்று பிற்பாடுதான் புரிந்தது.

நடந்தார்கள். களத்தில் காயப்போட்டிருந்த வேர்க்கடலைமேலே நாய்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். நிலத்துக்காரர் ஓடிவந்து, "கடல மேல போவாதீங்க சாமி" என்று கும்பிட்டார். "கோப்பை வாங்கின நாய் ஓய்!" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். குன்றின்மேல், எறும்புக்குக்கூட வழிவிட்டு நடந்த முனிவர்கள் படுத்த கல்படுக்கையில் நாய்களைப் படுக்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. ஆனாலும் ரிப்பன் குத்திய மார்பை நிமிர்த்திக்கொண்டு போட்டோவில் ஓர் ஓரமாக நானும் நின்றேன்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. காரியதரிசி சிகரெட் பற்றவைப்பதற்காகச் சங்கிலியைக் கைமாற்றினார். அந்த நேரத்தில் நாய் பிய்த்துக்கொண்டு ஓடிற்று. கீழே ஆவாரம் புதருக்குப் பக்கத்தில் கிடையிலிருந்து பிரிந்த ஒரு வெள்ளாட்டுக் குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. காரியதரிசியும் நானும் ஓடினோம். நாங்கள் புதரைச் சுற்றிப் போவதற்குள் குட்டியின் கழுத்து வெள்ளை நாயின் வாயில் இருந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இப்போது எழுதும்போதும் அப்படியே தெரிகிறது.

கிடைப் பக்கமிருந்து கறுப்பு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. வெள்ளை நாய் குட்டியைப் போட்டுவிட்டு விலகியது. காரியதரிசி அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கறுப்பு நாய் வெள்ளை நாயைத் துரத்தக்கூட இல்லை. குட்டியின் பக்கத்தில் நின்று, அதன் கழுத்தை நக்கிக்கொண்டே இருந்தது. நக்கினால் எழுந்துவிடும் என்று நினைத்ததோ என்னவோ.

"மிஸ்டர் கம்பவுண்டர், கொஞ்சம் பஞ்சு!"

கொடுத்தேன். இந்தக் கையால்தான் கொடுத்தேன். காரியதரிசி தோள்பையிலிருந்த சோடாப் புட்டியை உடைத்துப் பஞ்சில் ஊற்றி, நாயின் முகவாயைத் துடைத்தார். வெள்ளை நாயாயிற்றே, ஒரு சொட்டு இருந்தாலும் தெரியும். துடைக்கத் துடைக்க நான் புதுப் பஞ்சு கொடுத்தேன். சிவந்த பஞ்சையெல்லாம் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் மருந்துப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். கூட்டம் வந்து சேர்ந்தபோது ஒரு பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளை நாய். இன்னொரு பக்கம் செத்த குட்டி, அதன் தலைமாட்டில் வாயெல்லாம் ரத்தமாக ஒரு கறுப்பு நாய்.

கிடைக்காரம்மாவும் கொழுந்தனாரும் ஓடிவந்தார்கள். கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். கிடை நாய் ஆட்டைக் கடித்து ரத்தத்தை ருசி பார்த்துவிட்டால் அதற்குமேல் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அன்றைக்கே ஒழித்துவிட வேண்டும். ஏழு வீட்டு ஆடும் அதன் காவலில்தானே இருக்கிறது? அந்தக் கறுப்பு நாயோ எட்டு வருஷம் கிடையைக் காத்தது.

"வாயில ரத்தம் இருக்குது. சரி. கடிச்சத யாரு பாத்தது?" என்றார் கிடைக்காரம்மா.

"நான் பாத்தேன்" என்று முன்னால் வந்தார் காரியதரிசி. "உன் நாய்தாம்மா. என் கண்ணு முன்னாலதான் கடிச்சுது. கேட்டியே பெரிசா, நாட்டு நாய்க்கு ரத்தம் எப்படி இருக்கும்னு நீயே பாத்துக்க."

படுபாவி! கூசாமல் சொன்னார். தோளில் தொங்கிய பையில் உடைத்த சோடாப் புட்டி இருக்கிறது, விரலில் ஈரம்கூடக் காயவில்லை. அப்படி நின்றுகொண்டு சொன்னார்.

கிடைக்காரம்மா அவரை உற்றுப் பார்த்தார். 'பார்த்தேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருடைய நியாயத்தில் அதற்குமேல் பேச்சில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒரு தடவை மட்டும், தன் வழக்கத்தை மீறி, இரண்டாவது ஆளிடம் கேட்டார். என் பக்கம் திரும்பினார்.

"கம்பவுண்டர் தம்பி. நீயும் இவருகூட ஓடியாந்தியே. நீ பாத்தியா?"

பெட்டி என் கையில் இருந்தது. திறந்து காட்டியிருந்தால் போதும், வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். காரியதரிசி என் தோளில் கையைப் போட்டு, "மிஸ்டர் கம்பவுண்டர் எனக்குப் பின்னாலதான் வந்தார்" என்றார்.

"நான் பின்னால வந்தேம்மா. பாக்கல" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று பயமில்லை. நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. ஒரு பச்சை ரிப்பனுக்காகவும் ஒரு மிஸ்டருக்காகவும் அப்படிச் சொன்னேன். காரியதரிசியைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்ளாவிட்டால் நான் என்ன மனுஷன்?

"அண்ணி, அவரே பாத்தேன்றாரு. அப்பால இன்னா? விட்டுடு" என்றார் கொழுந்தனார்.

கிடைக்காரம்மா இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்து, தானே நாயின் கழுத்தில் கட்டினார். வேறு யார் கட்டினாலும் கடித்திருக்கும். அவர் கை பட்டதும் வாலை ஆட்டியது. கொழுந்தனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குன்றுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். அது திரும்பித் திரும்பிக் கிடையைப் பார்த்துக்கொண்டே போயிற்று. சங்கத்தார் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். "ரத்தத்துலயே வரணும் சார், பழக்கத்துல வராது" என்று காரியதரிசி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். கொழுந்தனார் திரும்பி வந்தபோது கையில் கயிறு மட்டும் இருந்தது.

ஒரு நாள் பொறுத்தேன். இரண்டாம் நாள் மருந்துப் பெட்டியைத் திறந்தேன். சுருட்டிக் காய்ந்துபோன அந்தப் பஞ்சைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு தொண்டூருக்கு பஸ் ஏறினேன். கிடைக்காரம்மா நிலத்து வரப்பில் உட்கார்ந்து தழை கழித்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பிரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"செஞ்சியிலேருந்து இங்க வர முக்கா மணி நேரம். உனக்கு ரெண்டு நாளு ஆயிருக்குது" என்றார்.

பிறகு எழுந்துபோய்க் கொழுந்தனாரையும் ஏழு வீட்டுக்காரர்களையும் கூட்டிவந்தார். "இப்ப சொன்னத இவங்ககிட்டயும் சொல்லு. செத்தது செத்துப் போச்சு. அதும்மேல கெட்ட பேரு இருக்கக் கூடாது." சொன்னேன். கொழுந்தனார் காறித் துப்பினார். தரையில்தான் துப்பினார், ஆனால் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி. ஒரு பதிலும் இல்லை. ஆனி மாதம் வழவழவென்ற தாளில் அச்சடித்த மலர் ஒன்று ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வந்தது. கல்படுக்கைமேல் அந்த வெள்ளை நாய் படுத்திருக்கிற படம், பக்கத்தில் ரிப்பனோடு நான். 'வழியில் உள்ளூர் நாய் ஒன்று ஆட்டைக் கொன்றபோதும் நம் நாய்கள் அமைதி காத்தன. உதவிய மிஸ்டர் கம்பவுண்டருக்கு நன்றி' என்று கீழே எழுதியிருந்தது. என்ன திமிர் பாருங்கள்! சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன? மெட்ராஸில் எத்தனை வீட்டில் அதை வைத்திருப்பார்களோ.

கிடைக்காரம்மா ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை. பழையபடி தொரட்டியைச் சாய்த்துவிட்டு வரிசையில் நிற்பார். "பிள்ளைங்க சுகமா?" என்று விசாரிப்பார். நான் கொடுக்கிற மருந்தை வாங்கிக்கொள்வார். வரிசையில் நிற்கிறவர்களை, வாட்ச்மேனை, டாக்டரைக்கூட "நீ பாத்தியா?" என்று மடக்குவார். அவர் இப்படி நல்லமாதிரி நடந்துகொண்டதால், போகப்போக மறந்துவிட்டார் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஓர் ஐப்பசி. வல்லத்து ஏரி நிரம்பினால் நடவுக்கு முன்னால் நிலத்துக்கு உரம் கேட்பார்கள், கிடையை அந்தப் பக்கம் ஓட்டலாம் என்று கிடைக்காரம்மா காத்துக்கொண்டிருந்தார். அன்று காலை வல்லத்தில் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு ஏரிக்கரை வழியாகத்தான் நான் சைக்கிளில் வந்திருந்தேன். உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்து ஓடுவதை நின்று பார்த்தேன். வந்ததும் வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர், ஆட்டுக்கு மருந்து வாங்கி முடித்திருந்த கிடைக்காரம்மாவிடம், "வல்லத்து ஏரி ரொம்பிடுச்சும்மா" என்றார்.

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல. தோ, நம்ம கம்பவுண்டருதான் காலையில பாத்துட்டு வந்தாரு. அவரையே கேளு."

நான் மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பார்த்தேன் என்று சொல்லத் தயாராக நின்றேன். கிடைக்காரம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார், வாசலில் சாய்த்திருந்த தொரட்டியை எடுத்துக்கொண்டார்.

"பரவால்ல. வல்லத்துலேருந்து யாராச்சும் வந்தா கேட்டுக்கறேன்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தார்.